பல்லுக்காரர் போலி என்று சொன்ன காசு

எங்கள் நாணயக் கழகத்தின் இருபத்தைந்தாம் ஆண்டு மலருக்குப் பல்லுக்காரரைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்துவிட்டேன். 'அயராத உழைப்பு', 'ஆழ்ந்த அறிவு', 'எளிய மனிதர்' எல்லாம் அதில் இருக்கிறது, மலரில் படித்துக்கொள்ளலாம். இங்கே எழுதுவது அந்தப் பக்கத்தில் வராத கதை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அவர் மேல் பொறாமை. இன்று நேற்று வந்ததல்ல, பதினெட்டு வருஷமாக இருப்பது.

பல்லுக்காரர் என்றதும் பல் டாக்டர் என்று நினைக்க வேண்டாம். டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பும் அச்சை வைத்துப் பல் செட் செய்து கொடுப்பவர். வீட்டின் பின்னறைதான் பட்டறை. ஊரில் பாதிப் பேருடைய தாடை மாக்கட்டு அச்சாக அவர் அலமாரியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். தெருவில் யாராவது சிரித்தபடி வணக்கம் சொன்னால் அவர் முகத்தைப் பார்க்கமாட்டார், பல்லைப் பார்த்துத்தான் ஆளை அடையாளம் கண்டுபிடிப்பார். அவர் மனைவி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

காசு சேர்க்கும் பைத்தியம் அவருக்கு அந்தப் பட்டறையில்தான் பிடித்தது. யாரோ உருக்குவதற்குக் கொடுத்த பழைய வெள்ளித் துண்டுகளுக்குள் தேய்ந்த தகடு ஒன்று இருந்திருக்கிறது. என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று பல் செட்டுக்கு வைத்திருக்கும் இளஞ்சிவப்பு மெழுகை உள்ளங்கையில் சூடாக்கி அதன் மேல் அழுத்தினார். கண்ணுக்குத் தெரியாத எழுத்துகள் மெழுகில் தலைகீழாக எழும்பி வந்தன. முதலாம் எலிசபெத் ராணியின் ஆறு பென்னிக் காசு. நானூறு வருஷத்துக்கு மேல் வயசு. அதை உருக்க அவருக்கு மனசு வரவில்லை. அன்றிலிருந்து இங்கிலாந்து வெள்ளி, அதுவும் அந்த ராணியில் தொடங்கி அடுத்த நூறு நூற்றைம்பது வருஷத்துக் காசுகள்தான் அவர் உலகம். வேறெந்த நாட்டுக் காசைக் கொடுத்தாலும் மூக்கைச் சுளிப்பார்.

கழகத்தில் நாங்கள் ஒன்பது பேர். மாதத்தில் இரண்டாம் ஞாயிறு காலை பத்து மணிக்கு ஓர் அச்சகத்தின் மேல்மாடி அறையில் கூடுவோம். கீழே எந்திரம் ஓடினால் மேஜை மேலிருக்கும் காசெல்லாம் லேசாக நடுங்கும். நான் தராசு பழுது பார்ப்பவன், அதனால் என் பெயரே 'தராசு' என்றாகிவிட்டது. யாராவது ஒரு காசைக் கொண்டுவந்தால் முதலில் என் தட்டில் வைப்பார்கள். இத்தனை கிராம், இத்தனை புள்ளி என்று நான் சொல்வேன். சொல்லி முடிப்பதற்குள் காசு பல்லுக்காரர் கைக்குப் போயிருக்கும். அவர் பூதக்கண்ணாடியைக் கண்ணில் சொருகி, ஒரு தடவை புரட்டி, பெயர் சொல்வார். காசில் ராணியின் தலைக்குப் பின்னால் ரோஜா இருந்தால் ஆறு பென்னி அல்லது மூன்று பென்னி, இல்லாவிட்டால் ஷில்லிங்கோ நாலு பென்னியோ என்பது வரை எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் எழுத்து தொடங்கும் இடத்தில் இருக்கும் அந்தப் பொடிக் குறியை, அது கிளிஞ்சலா, கையா, மணியா என்று பார்த்து எந்த வருஷத்துக்குள் அடித்தது என்று அடித்துச் சொல்ல அவர் ஒருவரால்தான் முடியும். சந்தேகம் வந்தால் மட்டும் சட்டைப் பையிலிருந்து மெழுகை எடுப்பார். பல் செட் வேலையில் எல்லாமே தலைகீழ் அச்சு என்பதால் மெழுகில் படிப்பது அவருக்கு நேராகப் படிப்பதைவிடச் சுலபம். பெயர் சொன்ன பிறகு ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பார். அந்தச் சீட்டு இருந்தால் வெளியூர் வியாபாரிகள்கூட மறுபேச்சுப் பேசமாட்டார்கள்.

நானும் வாங்காத புத்தகமில்லை. பல சமயம் அவர் சொல்வதற்கு முன்பே எனக்கு விடை தெரிந்திருக்கும். ஆனால் என்னிடம் யார் கேட்டார்கள்? எடை சொன்னதும் என் வேலை முடிந்துவிடும். ஒருமுறை துணிந்து, "அது கிளிஞ்சல் இல்ல சார், பிறை மாதிரி தெரியுது" என்றேன். அவர் மெழுகை அழுத்திப் பார்த்துவிட்டு, "பிறைதான்" என்றார். அவ்வளவுதான். அடுத்த காசை எடுத்துக்கொண்டார். ஒருவர்கூட என் பக்கம் திரும்பவில்லை. அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பாடு இறங்கவில்லை எனக்கு.

எனக்கு அவர் மேல் வயிறு எரிந்தது என்றால், அவருக்கு வயிறு எரிந்தது அவருடைய சகலை மேல். மனைவியின் தங்கையைக் கட்டியவர். வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் ஏற்றி இறக்கும் லாரி வைத்திருக்கிறார். ஆள் நல்ல உயரம், சிரித்தால் கட்டடம் அதிரும். மாமியார் வீட்டில் பல்லுக்காரர் எந்த மருமகன் நாற்காலியில் இருபது வருஷமாக உட்கார்ந்திருந்தாரோ, அதில் இவர் வந்த முதல் வாரமே உட்கார்ந்துவிட்டாராம். மாமியார் அழுத்தமாக, "அது அவருக்குத்தான் சரியா இருக்கு, காலை நீட்டி உக்காரணும்ல" என்று சொன்னாராம். பல்லுக்காரர் பல் செட் செய்து கொடுத்த மாமியார்! 'நான் செஞ்ச பல்லால என்னையே கடிச்சுட்டாங்க' என்று ஒருநாள் என்னிடம் புலம்பினார். பிறகு அந்த லாரிக்காரர் என்ன செய்தார்? சகலை காசு சேர்க்கிறாரே, நாமும் சேர்ப்போம் என்று கிளம்பிவிட்டார்.

லாரிக்காரருக்குக் காசைப் பற்றி ஒன்றுமே தெரியாது. முதல் தடவை கொண்டுவந்த ஷில்லிங்கைப் பற்பசை போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுவந்தார். தேய்த்தால் பழங்காசின் மதிப்பே போய்விடும், பல்லுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் அந்த ஆளுக்குக் காசு தானாக வந்து விழுந்தது. காலி செய்கிற வீடுகளில் பரணிலிருந்தும் இழுப்பறையிலிருந்தும் எதெதுவோ கிடைக்கும், வீட்டுக்காரர்களே "எடுத்துக்கப்பா" என்று கொடுத்துவிடுவார்கள். அவற்றையெல்லாம் கொண்டுவந்து சகலை முன்னால் கொட்டி, "நீங்க சொன்னா சரி சகலை" என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். வஞ்சகம் துளியும் இல்லாத மனிதர். அதுதான் பல்லுக்காரரை இன்னும் எரித்தது என்று நினைக்கிறேன். கெட்டவனாக இருந்திருந்தால் நிம்மதியாக வெறுத்துவிட்டுப் போயிருப்பார்.

இப்போது அந்தக் காசுக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் காசு அடிப்பது சுத்தியலால். கீழே ஓர் அச்சு, மேலே ஓர் அச்சு, நடுவில் வெள்ளித் தகடு, ஒரே போடு. அதனால் எந்தக் காசும் சரியான வட்டமாக இருக்காது, ஒரு பக்கம் எழுத்து வெளியே ஓடியிருக்கும். ஆனால் அந்த ராணியின் ஆட்சியில் ஒரு பத்து வருஷம் மட்டும் ஒரு பிரெஞ்சுக்காரன் எந்திரம் கொண்டுவந்து காசு அடித்தான். அழகான வட்டம், சுற்றிலும் ஒழுங்கான எழுத்து, நட்சத்திரக் குறி. சுத்தியல்காரர்களுக்கு அவனைக் கண்டாலே ஆகாது. கடைசியில் எந்திரத்தை மூட்டை கட்டிவிட்டு மறுபடியும் சுத்தியலுக்கே போய்விட்டார்கள். அந்த எந்திரக் காசு ஒன்றுக்காகப் பல்லுக்காரர் இருபத்திரண்டு வருஷம் அலைந்தார். இரண்டு தடவை கைக்கு எட்டும் தூரத்தில் வந்து நழுவியது. ஒருமுறை ஏலத்தில் வேறொருவர் தட்டிக்கொண்டு போனார், இன்னொரு முறை பணம் அனுப்பப் போகும் நேரத்தில் 'விற்றுவிட்டது' என்று கடிதம் வந்தது. அவருடைய மரப்பெட்டியில் அதற்கென்று ஒரு குழி காலியாகவே இருக்கும். பெயர்ச்சீட்டைக்கூட எழுதி ஒட்டி வைத்திருந்தார்.

போன வருஷம் ஒரு கூட்டத்துக்கு லாரிக்காரர் கொஞ்சம் தாமதமாக வந்தார். படியேறும்போதே சிரிப்புச் சத்தம்.

"ஒரு டீச்சரம்மா வீட்டைக் காலி பண்ணி மகன்கிட்டப் போறாங்க. எல்லாம் ஏத்தி முடிச்சாச்சு. கடைசில ஒரு பொத்தான் டப்பா. 'எனக்கு வேண்டாம், உன் பொண்டாட்டிக்குக் கொடு'ன்னாங்க. வீட்ல கொட்டிப் பாத்தா, பொத்தானோட பொத்தானா இது கெடக்கு!"

என் தட்டில் வைத்தார். இரண்டு கிராம் தொண்ணூற்றெட்டு. ஆறு பென்னிக்கு இருக்க வேண்டிய எடை. நல்ல வட்டம். ராணியின் தலைக்குப் பின்னால் ரோஜா. மறுபக்கம் கேடயத்துக்கு மேல் 1562. எழுத்து தொடங்கும் இடத்தில் ஏதோ ஒரு குறி, என் கண்ணுக்கு நட்சத்திரம் போலத்தான் பட்டது. எடையைச் சொன்னேன்.

பல்லுக்காரர் வாங்கினார். ஒரு தடவைதான் புரட்டினார். மெழுகு பக்கம் அவர் கை போகவே இல்லை. பதினெட்டு வருஷமாக அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருப்பவன் நான். மெழுகு வேண்டாமென்றால் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது என்று அர்த்தம். அவருடைய காது மடல் இரண்டும் சிவந்து போயின. பூதக்கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுக்காமலே, "போலி" என்றார்.

"அப்படியா சகலை?"

"எலிசபெத் காசெல்லாம் சுத்தியல்ல அடிச்சது. ஒண்ணாவது இப்படித் தட்டு மாதிரி வட்டமா இருந்து பாத்திருக்கீங்களா? பின்னாடி யாரோ விளையாட்டுக்குப் பண்ணது. பொத்தான் டப்பாவுக்குத்தான் லாயக்கு."

எந்திரக் காசைப் பற்றி இரண்டு வருஷம் முன்னால் அதே மேஜையில் அரைமணி நேரம் பேசியவர் அவர். மற்றவர்கள் யாரும் அதைக் குறித்துக்கொண்டதில்லை. அவர்தான் இருக்கிறாரே, நாம் எதற்கு மண்டையில் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று விட்டுவிட்டார்கள். எனக்கு மட்டும் ஒரு வார்த்தை விடாமல் நினைவிருந்தது. நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அவர் சறுக்குவதைப் பார்க்க எத்தனை வருஷம் காத்திருந்தேன்! சறுக்கட்டும் என்று பேசாமல் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

லாரிக்காரர் முகம் ஒரு நொடிகூட வாடவில்லை. "போலின்னாலும் மூஞ்சி லட்சணமா இருக்கு. உங்களுக்குப் பிடிச்சிருந்தா எடுத்துக்கோங்க சகலை" என்று அந்தக் காசை அவர் பக்கம் தள்ளினார். இருபத்திரண்டு வருஷம் அலைந்த காசு, சும்மாவே வந்து முன்னால் நிற்கிறது. எடுத்துப் பையில் போட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். "போலியெல்லாம் என் பெட்டில வைக்கமாட்டேன்" என்று அதைத் திருப்பித் தள்ளினார். அவர் பொய் சொன்னது காசுக்கு ஆசைப்பட்டு அல்ல என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தக் காசு தன்னிடம் இல்லாமல் போனால்கூட அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். அது லாரிக்காரரிடம் வந்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

லாரிக்காரர் அதை ஒரு பிளாஸ்டிக் கூட்டில் போட்டு லாரிச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டார். பத்து நாள் கழித்துப் பட்டறையில் இருக்கும் சின்னத் தராசைச் சரிசெய்யப் போனேன். நான் போன நேரம் லாரிக்காரரும் வந்திருந்தார், கூடத்தில் பெண்களோடு பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். சாவிக்கொத்து பட்டறை மேஜையிலேயே கிடந்தது. ராணி கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள். பல்லுக்காரர் ஒரு கீழ்ப்பல் செட்டை ராவிக்கொண்டிருந்தார், கண் மட்டும் சாவியில். ராவி ராவி ஒரு பல்லைப் பாதியாக்கிவிட்டார்.

தேநீர் கொண்டுவந்த அவர் மனைவி, "பத்து நாளா இப்படித்தான் இருக்கார். சாவிச் சத்தம் கேட்டாலே எரிஞ்சு விழறார். என் தங்கச்சி புருஷன் என்னதான் பண்ணிட்டார், நீங்களாவது கேளுங்க" என்றார்.

அவர் உள்ளே போனதும் பல்லுக்காரர் தலை நிமிராமலே கேட்டார். "தராசு, அன்னிக்கு எடை எவ்வளவு சொன்னே?"

"ரெண்டு தொண்ணூத்தெட்டு. போலிக்கு எடை இவ்வளவு சரியா இருக்குமா சார்?"

அரம் நின்றது. "எடை பாக்கறவன் எடையைப் பாத்தா போதும்" என்றார்.

நான் தராசைச் சரிசெய்து கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அந்த வார்த்தை மட்டும் எனக்குள் அப்படியே உட்கார்ந்துகொண்டது.

மூன்று மாதம் கழித்து வெளியூர் வியாபாரி ஒருவர் தன் காசுத் தட்டுகளோடு கூட்டத்துக்கு வந்தார். வழக்கமாக வருகிறவர்தான், கறாரான ஆள். எல்லோரும் மேஜையைச் சுற்றிக் குனிந்திருந்தோம். லாரிக்காரர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுச் சாவியைச் சுழற்றிக்கொண்டே வந்தார். வியாபாரியின் கண் சாவியோடு சேர்ந்து சுழன்றது.

"ஐயா, அதைக் கொஞ்சம் கொடுங்க."

"அட, இது டூப்ளிகேட்டுங்க. சகலை சொல்லிட்டார்."

வியாபாரி கூட்டைத் திறந்து காசை எடுத்தார், ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு தன் தட்டு இரண்டையும் அப்படியே லாரிக்காரர் பக்கம் நகர்த்தினார். "இதுல எது வேணுமோ எடுத்துக்கோங்க, எத்தனை வேணுமோ எடுத்துக்கோங்க. இதை எனக்குக் கொடுங்க. எந்திரத்துல அடிச்ச ஆறு பென்னி இது. நட்சத்திரம் எவ்வளவு தெளிவா இருக்கு பாருங்க! வட்டமா இருக்கறதைப் பாத்துப் போலின்னு சொல்றது புதுசா ஆரம்பிக்கறவங்க பண்ற தப்பு. யார் சொன்னது?"

எட்டுத் தலைகள் பல்லுக்காரர் பக்கம் திரும்பின. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

லாரிக்காரர் ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் பிழைத்திருப்பார். அந்த மனிதரோ அவர் தோளில் கை போட்டார். "விடுங்க சகலை. ராத்திரி பகலா அந்தப் பொடிப் பல்லைப் பாத்துப் பாத்துக் கண்ணு என்னத்துக்கு ஆகும்? எனக்குத் தெரிஞ்ச கண் டாக்டர் இருக்கார், நானே கூட்டிட்டுப் போறேன்."

"ஆமாமா, வயசாகுதுல்ல" என்றார் இன்னொருவர். "ஒரு தடவை தப்பினா என்ன, இத்தனை வருஷம் சொன்னாரே" என்றார் மற்றொருவர். எல்லாம் பரிவுதான். ஆறுதல் சொல்லச் சொல்ல அவர் குறுகிக்கொண்டே போனார். அவர் யார்? பெயர் சொல்கிறவர். புதிதாக ஆரம்பிப்பவன் செய்யும் தப்பைச் செய்துவிட்டார் என்று ஒன்பது பேர் கழகம் முடிவு கட்டிக்கொண்டிருந்தது.

திடீரென்று லாரிக்காரரின் கையைத் தட்டிவிட்டார். "என் கண்ணுக்கு ஒரு கேடும் இல்ல! பாத்தவுடனே தெரியும் எனக்கு. நட்சத்திரம் தெரிஞ்சுது, வருஷம் தெரிஞ்சுது, எல்லாம் தெரிஞ்சுது."

"தெரிஞ்சா ஏன் சகலை போலின்னு சொன்னீங்க?"

"பொறாமை!" குரல் உடைந்துவிட்டது. "பொறாமையில சொன்னேன்யா. இருபத்திரண்டு வருஷம் நான் தேடினது உன் பொத்தான் டப்பாவுல வந்து கெடக்குது. பொறுக்கல எனக்கு. போதுமா?"

லாரிக்காரர் கண்ணிமைக்காமல் பார்த்தார். பிறகு அந்தச் சிரிப்பைச் சிரித்தார். "உங்களுக்கா? என் மேலயா? லாரி ஓட்டறவன் மேல பொறாமைப்பட உங்களுக்கு என்ன தலையெழுத்து! தப்பாச் சொன்னதை மறைக்க இப்படியெல்லாம் சொல்ல வேண்டாம் சகலை, யாரும் உங்களைக் குறைவா நினைக்கமாட்டோம்."

மற்றவர்களும் தலையாட்டினார்கள். அவர்களைப் பொறுத்தவரை கிழவர் சமாளிக்கிறார், அவ்வளவுதான். தன் வாழ்நாளில் அவர் சொன்ன ஒரே பொய்யை அத்தனை பேரும் நம்பினார்கள், அதை ஒப்புக்கொண்டதை ஒருவரும் நம்பவில்லை.

அப்போது அவர் என்னைப் பார்த்தார். எல்லோரையும் விட்டுவிட்டு என்னை மட்டும்.

"தராசு, நீ சொல்லு. உனக்குத் தெரியும்ல? நான் மெழுகைத் தொடலையே, நீ பாத்தேல்ல? சொல்லுய்யா."

அவருக்கும் தெரிந்திருக்கிறது! பதினெட்டு வருஷமாக நான் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்ததை அவரும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். 'ஆமாம், அவருக்குத் தெரியும், நான் பார்த்தேன்' என்று சொல்லியிருந்தால் போதும். பொய்யன் என்ற கெட்ட பெயரோடு, ஆனால் காசு தெரிந்தவர் என்ற பெயரோடு அவர் அன்று படியிறங்கியிருப்பார். அவர் கேட்டது அது ஒன்றைத்தான்.

"யாருக்கும் தப்பு வரும் சார்" என்றேன். "எந்திரக் காசுல பெரிய பெரிய ஆளுங்களே ஏமாந்திருக்காங்க."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. என்னையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சகலை பக்கம் திரும்பி, ஒரு சின்னப் பையனைப் போல் சன்னமான குரலில், "இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, அந்தக் கண் டாக்டர் இருப்பாரா?" என்று கேட்டார்.

"ஒரு போன் போட்டா வந்துடுவார், வாங்க" என்று லாரிக்காரர் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்கள். வியாபாரி தொண்டையைச் செருமிக்கொண்டு, தட்டிலிருந்து ஒரு காசை எடுத்து என் முன்னால் வைத்தார். எடை பார்க்கவோ என்று தராசை இழுத்தேன்.

"எடை இருக்கட்டும்" என்றார். "இது என்ன காசுன்னு சொல்லுங்க."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது.